ஐப்பசிக்குத் தள்ளிய வேட்டை

ஐரோப்பாவில் மான் வேட்டைக்குப் போக விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. துப்பாக்கி, விசா, விமானம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். எனக்கு இது தெரியவந்தது தொண்ணூற்றாறாம் வருஷம். அப்போது பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் டிராவல்ஸ் நடத்திக்கொண்டிருந்தேன். சிங்கப்பூருக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள், துபாய்க்கு வேலைக்குப் போகிறவர்கள், மக்காவுக்கு உம்ரா போகும் பெரியவர்கள், இவர்கள்தான் படியேறி வருவார்கள். அதனால் வரதராஜுலு அண்ணன் ஒருநாள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பாய், சட்டப்படி ஒரு மான் சுடணும். எந்த நாட்டுக்குப் போகணும்னு பாத்துச் சொல்லு" என்றபோது கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

"மிருகக்காட்சிசாலைக்கு டிக்கெட் போடட்டுமா அண்ணே?"

"சிரிக்காத. கண்ணு தெரியறப்பவே போய்ட்டு வரணும்."

சிரிப்பை நிறுத்தினேன். அவருடைய இடது கண் போன கதை எனக்குத் தெரியும்.

அண்ணனுக்குக் கச்சேரி ரோட்டில் கண்ணாடிக் கடை. வில்லைகளை வாங்கி வந்து விற்கிறவர் இல்லை. பின்பக்க அறையில் தானே தேய்ப்பார். என் முதல் கண்ணாடியை அவர்தான் போட்டார். எதற்கு இந்த வளைவு, எதற்கு இந்தக் கனம் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், கடையை மூடும் நேரம் வந்துவிட்டது. எங்கள் சிநேகம் அப்படி ஆரம்பித்ததுதான். வீடு மந்தைவெளியில். மனைவி ரங்கநாயகி அண்ணி. ஒரே மகள் கல்யாணமாகி நெல்லூரில் இருந்தாள்.

வாலிபத்தில் அவர் எழும்பூர் பக்கம் ஒரு சுடும் களத்தில் சேர்ந்து, லைசென்ஸ் வாங்கி, ஒரு ரைபிளும் வாங்கினார். ஒரு புள்ளிமான் சுட வனத்துறைக்கு எழுதிப் போட்டிருந்தார். பதில் வருவதற்குள் வேட்டையே கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அதைப் பற்றி அவர் வருத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "சட்டம் சரிதான் பாய். இருக்கறதே கொஞ்சம். நானும் போய் ஒண்ண சாச்சா இன்னா மிச்சம் கீது?" என்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் காகிதத்தைச் சுட்டுவிட்டு வந்து வெயிலில் உட்கார்ந்து துப்பாக்கிக் குழாய்க்கு எண்ணெய் விடுவார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

அவருடைய கண்ணுக்கு வந்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணின் பின்சுவரில் நடுவே கடுகளவு ஒரு இடம் இருக்கிறது. எதை நேராகப் பார்க்கிறோமோ அது அங்கேதான் விழும். எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அந்தக் கடுகுதான். சுற்றியிருக்கும் மற்ற இடமெல்லாம் வண்டி வருகிறதா, சுவர் இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். வயதாகும்போது சிலருக்கு அந்தக் கடுகுக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய் முளைத்துக் கசிந்துவிடும். அண்ணனின் இடது கண்ணில் அது நடந்தது. லேசர் வைத்துக் கசிவை நிறுத்தினார்கள். தழும்பு தங்கிவிட்டது. அந்தக் கண்ணால் பார்த்தால் என் முகத்தின் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தியது போல இருக்கிறது என்றார். வலது கண்ணிலும் அதற்கான அடையாளம் இருக்கிறது, பத்து வருஷமும் தாங்கலாம், அடுத்த மாதமே கசியவும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டை, நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியையே பார்க்க வேண்டும். அடியில் ஈரம் வந்திருந்தால் கோடுகள் வளைந்து தெரியும். அண்ணன் தினமும் கடையைத் திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றுவதற்கு முன்னால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு இந்த அட்டையைப் பார்ப்பார். "நேரா கீது" என்பார். பிறகுதான் ஊதுவத்தி.

ரைபிளில் பொருத்தும் டெலஸ்கோப்புக்குள்ளும் ஒரு குறுக்குக்கோடு இருக்கிறது. அந்தக் கோடு மானின் முன்னங்காலுக்குப் பின்னால் அசையாமல் உட்கார வேண்டும். கோடு வளைந்தால் வேட்டை கிடையாது. அதனால்தான் அவருக்கு அவசரம்.

நான் அங்கங்கே ஃபேக்ஸ் அனுப்பிக் கேட்டேன். ஆப்பிரிக்காவா ஐரோப்பாவா என்று ஒரு வாரம் அலசினோம். வெயில் கூசினால் அவர் கண்ணுக்கு ஆகாது என்று ஆப்பிரிக்காவை விட்டோம். கடைசியில் ஹங்கேரி. பலட்டோன் ஏரிக்குத் தெற்கே இருக்கும் காடுகளில் செம்மான் உண்டு. நம் கடமானுக்கு உறவுக்காரன் மாதிரி, ஆனால் கொம்பு கிளைகிளையாக ஒரு மரத்தைப் போல விரியும். அங்கே ஒவ்வொரு காட்டிலும் எத்தனை மான் இருக்கிறது, இந்த வருஷம் எத்தனை எடுக்கலாம் என்று கணக்குப் பார்த்துத்தான் விடுகிறார்கள். வேட்டைக்காரர் ஒருவர் கூடவே வருவார். எதைச் சுடலாம் என்று அவர் கை காட்டினால்தான் சுடலாம். முதல் நாள் ஒரு காகிதத்தைச் சுட்டுக் காட்ட வேண்டும். குறி சரியாக இருந்தால் காட்டுக்குள் அழைத்துப் போவார்கள்.

கட்டணம் போடும் விதம்தான் எங்கள் இருவருக்கும் ரொம்பப் பிடித்தது. கொம்பை வேகவைத்துச் சுத்தம் செய்து, ஒருநாள் காயவைத்து, தராசில் போட்டு எடைக்கு விலை.

"நகைக்கட மாதிரி சொல்ற. சேதாரம் போடுவானா?" என்றார் அண்ணன்.

"செய்கூலியும் கேப்பான் அண்ணே."

சொந்த ரைபிளைக் கொண்டுபோக முடியுமா என்று பார்த்தேன். முடியும். ஆனால் இங்கே ஒரு அனுமதி, அங்கே ஒரு அனுமதி, நடுவில் விமானம் மாறும் ஊரில் ஒரு அனுமதி; ஒன்று தாமதமானால் துப்பாக்கி ஒரு ஊரிலும் ஆள் ஒரு ஊரிலும் நிற்க வேண்டும். அங்கேயே வாடகைக்கு எடுப்பது சுலபம். அண்ணனுக்கு ஒருநாள் முகம் தொங்கிப்போயிருந்தது. மறுநாள், அவர்கள் தரும் டெலஸ்கோப்பின் அளவு ஃபேக்ஸில் வந்ததும் பூரித்துவிட்டார். முன் வில்லையின் அகலம் ஐம்பத்தாறு மில்லிமீட்டர், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். ஐம்பத்தாறை எட்டால் வகுத்தால் ஏழு.

"இந்த ஏழு இன்னா தெரியுமா? பின்னாடி கண்ணுக்குள்ள நுழையற வெளிச்சக் கத்தையோட அகலம். இருட்டுல சின்னப் பையனோட கண்ணு பாப்பா ஏழு மில்லிமீட்டர் தொறக்கும். என்னுது அஞ்சுதான் தொறக்கும். மிச்ச வெளிச்சம் என் கன்னத்துல விழும், வீணு" என்று சொல்லி, வீணாகும் அந்த வெளிச்சத்துக்காக வாய்விட்டுச் சிரித்தார். ஹங்கேரியில் அந்தி நேரத்தில் தன் கன்னத்தில் என்ன விழும் என்பதுவரை அவர் போய்விட்டிருந்தார்.

எந்தத் தேதி என்பதுதான் பாக்கி. செம்மான் வருஷம் முழுக்க வாயைத் திறக்காது. காட்டுக்குள் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. செப்டம்பரில் மட்டும் பெண்மானுக்காகக் கத்தும். அந்தக் கத்தலைப் பிடித்துக்கொண்டுதான் வேட்டைக்காரன் நடக்கிறான். மாதத்தின் முதல் பாதி வாரங்களை ஜெர்மன்காரர்கள் போன வருஷமே எடுத்துவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது பதினெட்டாம் தேதி தொடங்கும் ஒரே ஒரு வாரம்.

அந்த ஃபேக்ஸை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் மந்தைவெளி வீட்டுக்குப் போனேன். அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார். செம்மான் எப்படிக் கத்தும், ஏன் கத்தும், எப்போது கத்தும் என்று அவருக்கு உற்சாகமாக விளக்கினேன். அண்ணன் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை. தேதியையும் சொல்லிவிட்டேன்.

அண்ணி எழுந்துபோய் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைத் தூக்கி முன்னால் உள்ள தாள்களைப் புரட்டினார்.

"பதினேழாந்தேதி புரட்டாசி பொறக்குது தம்பி."

"நான் அப்பறமா சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்றார் அண்ணன்.

"எப்போ? மான் செத்த பின்னாடியா?"

சென்னையில் இருக்கிற யாருக்கும் புரட்டாசியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கறிக்கடைக்காரர்கள் ஈ ஓட்டும் மாதம். என் மச்சான் கறிக்கடை வைத்திருப்பதால் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த வருஷம் அண்ணி வழக்கமான விரதத்தோடு நிற்கவில்லை. அண்ணனின் வலது கண்ணுக்காகத் திருப்பதிப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டு, நாலு சனிக்கிழமையும் சொம்புக்கு நாமம் போட்டு, வீடு வீடாகப் போய் கோவிந்தா சொல்லி அரிசி வாங்குவதாக நேர்ந்திருந்தார். வசதியான வீட்டுப் பெண்மணி தெருவில் பிச்சை கேட்டு நிற்பதுதான் அந்த வேண்டுதலின் கனம்.

"நான் தடுக்கல" என்றார் அண்ணி. "இத்தன வருஷமா ஆசப்பட்டுக்கினு இருக்காரு, போகட்டும். ஆனா அந்த மாசம் நான் இவர் கண்ணுக்காகத் தெருவுல நிக்கறேன். அதே மாசம் இவரு போய் ஒரு உசுரக் கண்ண மூட வெக்கணுமா? பெருமாள்கிட்ட நான் இன்னான்னு கேக்கறது?"

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு தாளை எடுத்து அவர்கள் மாதங்களை ஒரு பக்கமும் நம் மாதங்களை ஒரு பக்கமும் எழுதினேன். சின்ன மான் ஒன்று இருக்கிறது, ஜூலைக் கடைசியில் துணை தேடும், இலையை வாயில் வைத்து ஊதினால் ஓடி வரும்.

"ஆடி" என்றார் அண்ணி. "ஆடியில யாராவது புதுசா ஒரு காரியம் தொடங்குவாங்களா?"

காட்டுப்பன்றியைப் பனிக்காலத்தில் ஆள்விட்டு விரட்டுவார்கள். டிசம்பர், ஜனவரி.

"மார்கழி. நான் விடிகாலையில கோலம் போட்டுக்கினு இருப்பேன், இவரு அங்க பன்னி தொரத்துவாரா?"

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "இன்னா பாய், அந்த ஊர் மிருகம் எல்லாம் நம்ம பஞ்சாங்கத்தப் பாத்துத்தான் ஒளிஞ்சிக்குதா?"

மிச்சம் ஒரு இடைவெளிதான் இருந்தது. புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் சமயம், அக்டோபரின் பின்பாதி. அந்த வாரங்களில் வேறொரு மான் கத்தும். ஃபாலோ மான் என்று பெயர். செம்மானை விடச் சிறியது. கொம்பின் நுனி விரித்த உள்ளங்கை மாதிரி தட்டையாக இருக்கும். அதற்கு உடம்பில் புள்ளி உண்டு.

"புள்ளியா?" என்றார் அண்ணன்.

"வெயில் காலத்துல நல்லாத் தெரியும். அக்டோபர்ல ரோமம் மாறும், கொஞ்சம் மங்கிடும். ஆனா இருக்கும் அண்ணே."

அவர் முகத்தைப் பார்த்ததும் இந்த மானை முதலிலேயே சொல்லாமல் போனேனே என்றிருந்தது. மரம்போல் விரிந்த கொம்பெல்லாம் அந்த நிமிஷமே அவர் மனதிலிருந்து போய்விட்டது. வனத்துறைக்கு எழுதிப் போட்ட அந்தப் பழைய புள்ளிமான் எழுந்து நின்றுவிட்டது.

அண்ணி கேட்டார். "சுட்ட பின்னாடி அத இன்னா பண்ணுவாங்க?"

கறி காட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் போகும், வீணாகாது என்றேன். அதற்கு முன்னால் ஒரு வழக்கம் இருக்கிறது. கூட வரும் வேட்டைக்காரர் பக்கத்து மரத்திலிருந்து ஒரு பச்சைக் கொத்தை ஒடித்து, செத்த மானின் வாயில் வைப்பார். அதன் கடைசி உணவு என்று அர்த்தம். தொப்பியைக் கழற்றிவிட்டு எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள்.

"அவங்களும் வாய்க்கரிசி போடறாங்க" என்றார் அண்ணி மெதுவாக. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "ஐப்பசியில போய்ட்டு வாங்க" என்றார்.

அக்டோபர் பத்தொன்பது என்று முடிவானது. செப்டம்பர் வாரத்தை விட்டுவிட்டோம் என்று ஹங்கேரிக்கு ஃபேக்ஸ் அடித்தேன். அரை மணி நேரத்தில் வேறு யாரோ அதை எடுத்துக்கொண்டதாகப் பதில் வந்தது.

அடுத்த வாரங்கள் நன்றாகப் போயின. மயிலாப்பூரில் பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. பக்கிங்காம் கால்வாய் ஓரமாகப் போனால் புழுதி. அந்தப் புழுதி வேண்டாம் என்று அண்ணன் சுற்றிக்கொண்டு கடைக்குப் போவார். கண்ணில் தூசி விழுந்து தேய்த்துவிடக் கூடாதாம். பாஸ்போர்ட்டை விசாவுக்கு டெல்லி அனுப்பினோம். மூன்று மூங்கில் கழிகளை மேலே கட்டி ஒரு தாங்கி செய்தார். காட்டில் நின்றுகொண்டு சுடும்போது ரைபிளை அதன்மேல்தான் சாய்க்க வேண்டும். தாங்கி இருந்தாலும் மூச்சு குறியை மேலும் கீழும் ஆட்டும். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, அந்த அமைதியில் விசையை அழுத்த வேண்டும். இதை அவர் கடைக் கண்ணாடி முன்னால் துடைப்பத்தை வைத்துக்கொண்டு பழகினார். பழைய மூக்குக்கண்ணாடி ரிப்பேருக்கு வந்த ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டுப் படியிலேயே திரும்பிப் போய்விட்டார்.

புரட்டாசி பிறந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு களத்துக்குப் போனேன். மூங்கில் தாங்கியில் சாய்த்துச் சுட்டார். காகிதத்தை இழுத்துக் கொண்டுவந்து காட்டினார்கள். ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து மூடிவிடலாம்.

"இந்த வாரம் அங்க செம்மான் கத்திக்கினு இருக்கும்ல?" என்று திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டார். வருத்தமாகக் கேட்கவில்லை. வீட்டுக்குள் சிரித்துக்கொண்டேதான் நுழைந்தார். முந்தைய நாள்தான் அண்ணியின் முதல் சனிக்கிழமை. வாங்கி வந்த அரிசியைத் தாம்பாளத்தில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அதோ ஒரு கல்லு, உன் கட்டவெரலாண்ட" என்றார். இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை கழிந்து ஒருநாள் காலையில் எனக்கு போன் வந்தது. "கடைக்கு வா பாய்." அவ்வளவுதான். நான் போனபோது சாமி படத்தின் முன்னால் ஊதுவத்தி ஏற்றியிருக்கவில்லை. கட்டம் போட்ட அட்டை மேஜைமேல் கிடந்தது.

"நடுவுல கோடெல்லாம் உள்ள இழுத்துக்கினு போவுது. நேத்து லேசா இருந்துச்சு. இன்னிக்குப் புள்ளியவே காணோம்."

நான் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போனேன். கையில் ஊசி போட்டு ஒரு சாயத்தை ஏற்றி, அது கண்ணின் ரத்தக்குழாய்களில் ஓடுவதைப் படம் எடுத்தார்கள். கசிவு எங்கே என்று அதில் வெள்ளையாகத் தெரியும். அது கடுகின் நேர் அடியில் இருந்தது. ஓரமாக இருந்தால் லேசரால் சுட்டு நிறுத்தலாம். நடுவில் சுட்டால் எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதையே சுட வேண்டும். டாக்டர் இதை நன்றாகவே விளக்கினார். நான் இடையில் இரண்டு கேள்வி கேட்டேன். அண்ணன் எதையும் கேட்கவில்லை.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். "அவகிட்ட இப்போ சொல்லாத" என்றார். "இன்னும் ஒரு சனிக்கிழம பாக்கி கீது. முடிச்சிடட்டும். பாதி வேண்டுதல்ல இத சொன்னா அவளுக்கு நடக்கக் காலு வராது."

அந்த நாலாவது சனிக்கிழமை நான் வேண்டுமென்றே அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நடுப் பார்வை போனவர்கள் ஒரு பொருளைப் பார்க்க வேண்டுமானால் அதற்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். அப்போது பொருள் ஓரப் பார்வையில் விழும். மங்கலாக, ஆனால் விழும். அவர் அதற்குள் அதைப் பழகிவிட்டிருந்தார். அண்ணி வெறும் காலோடு தெருவிலிருந்து வந்தார். வெயிலில் முகம் கருத்திருந்தது. சொம்பு நிரம்பி முந்தானையிலும் அரிசி கட்டியிருந்தார்.

"பாருங்க எவ்ளோன்னு!" என்று அவர் முன்னால் நீட்டினார்.

அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நெறைய" என்றார்.

மறுநாள் அண்ணியிடம் சொல்லிவிட்டார். ஆனால் ஒன்றை மாற்றிச் சொன்னார். கண் இப்போது போகவில்லை, ஆவணியிலேயே கோடு வளைய ஆரம்பித்துவிட்டது, நீ பயப்படுவாய் என்று மறைத்தேன் என்று. ஏன் என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புரட்டாசி முதல் வாரத்தில் அவர் ஹங்கேரிக்குப் போயிருந்தால் சுடும்போது கண் இருந்திருக்கும். அந்த வாரத்தை வேண்டாம் என்றது அண்ணி. ஆவணியிலேயே போய்விட்டது என்றால் எந்த வாரமானாலும் ஒன்றுதான்.

விசா அடித்த பாஸ்போர்ட் டெல்லியிலிருந்து திரும்பி வந்தது. அக்டோபர் பத்தொன்பது தாண்டி நாலைந்து நாள் கழித்து அதைக் கொடுக்கப் போனேன். மழை தொடங்கியிருந்தது. அண்ணன் உள்ளே படுத்திருந்தார். அண்ணி என்னைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, நெஜத்தச் சொல்லுங்க. இவருக்கு எப்போ போச்சு?"

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "சொல்லு பாய். ஆவணியிலயே போயிடுச்சுன்னா நம்ப மாட்டேங்கறா."

நான் விளக்க ஆரம்பித்தேன். கசிவு முதலில் மெல்லியதாக இருக்கும் என்றேன். மூளை ஒரு கெட்டிக்காரத் தையல்காரன் மாதிரி, நடுவில் ஓட்டை விழுந்தால் சுற்றியிருப்பதை இழுத்து வைத்துத் தைத்துவிடும், அதனால் பார்வை குறைவது அவருக்கே முழுதாகத் தெரியாது, மற்றவர்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். எல்லாம் மருத்துவப் புத்தகத்தில் இருக்கிற உண்மைதான். அதைப் பொய்யான ஒரு தேதிக்கு நான் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். செப்டம்பரில் போயிருந்தாலும் முதல் நாள் காகிதத்தைச் சுடச் சொல்வார்கள், அதிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று முடித்தேன்.

அண்ணி பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே எட்டாத குரலில் பேசினார்.

"மொத சனிக்கெழம அரிசியில கல்லு கெடந்துச்சு. வாசல்லேர்ந்து காட்டினாரு. நீங்களும் இருந்தீங்க. நாலாவது சனிக்கெழம சொம்பக் காட்டினேன், ஜன்னலப் பாத்துக்கினு நெறையன்னாரு."

நான் பாஸ்போர்ட்டைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"நடுவுல எப்பவோ போயிருக்கு. நான் தெருவுல கோவிந்தா சொல்லிக்கினு நிக்கறப்போ."

கண்ணைத் துடைத்துக்கொள்ள முந்தானையை எடுத்தவர், துடைக்காமலே கீழே விட்டார். பிறகு உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "ஆமாங்க, ஆவணியிலயேதான் போயிருக்குதாம். தம்பி வெவரமா சொல்லிட்டாரு. எங்கிட்ட மறைச்சிட்டீங்களே!"

"நான்தான் சொன்னேன்ல" என்றார் அண்ணன். நிம்மதியான குரல். கட்டில் கிறீச்சிட்டது, திரும்பிப் படுத்தார் போலிருக்கிறது.

பாஸ்போர்ட்டை அண்ணி கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். குடையை எடுத்துக்கொண்டு கேட் வரை வந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"அந்தப் புள்ளி மானு, இப்போ கத்திக்கினு இருக்குமா தம்பி?"

"இருக்கும் அண்ணி. இதுதான் அதோட வாரம்."

"எப்படிக் கத்தும்? அவர் காதுல விழாம சொல்லுங்க."

நான் கேட்டுக்கு வெளியே வந்து, குடைக்குள் குனிந்து, மெதுவாகச் சொன்னேன். செம்மான் மாதிரி அது முழங்காது. தொண்டையிலிருந்து கரகரவென்று, பசியேப்பம் விடுவது போல ஒரு சத்தம், திரும்பத் திரும்ப. முன்காலால் மண்ணைப் பறித்து ஒரு குழி செய்துகொள்ளும். அந்தக் குழியிலேயே ராப்பகலாக நின்றும் படுத்தும் கத்தும். அந்த நாட்களில் அது சாப்பிடக்கூட சாப்பிடாது. இளைத்துப்போகும். காலையில் பனி மூட்டமாக இருக்கும்போது குரல் மட்டும் வரும், உருவம் தெரியாது. வேட்டைக்காரர் அந்தக் குரலைப் பார்த்து நடந்து, ஒரு மரத்துக்குப் பின்னால் தாங்கியை ஊன்றிவிட்டு, பனி விலகட்டும் என்று காத்திருப்பார்.

அண்ணி கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தோளில் மழை அடித்தது.

"பனி வெலகினா?" என்றார்.

"வெலகினா அது தெரியும் அண்ணி. கொம்பு மொதல்ல."